தேயிலைப் பூவும் நான் திருத்திக்கொண்ட பாடமும்

இருபால் மலர் என்றால் தன்மகரந்தச் சேர்க்கை என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். நீலகிரியில் உள்ள எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் கொழுந்து பறிப்பவர்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "டீச்சர், கவாத்து பண்ணாம விட்ட தேயிலை அவ்வளவு பூக்குது, காயே இல்லையே?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை.

தேயிலைப் பூவில் மகரந்தமும் சூலகமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் தன் மகரந்தத்தை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. மகரந்தக்குழாய் சூலகம் வரை வளர்ந்தும் கருவுறுதல் கைகூடுவதில்லை. இதுவே தன்ஒவ்வாமை. அவள் பார்த்த செடிகள் எல்லாம் ஒரே தாய்ச்செடியின் குச்சிகளை நட்டு வளர்த்த குளோன்கள். தேனீ பக்கத்துச் செடிக்குப் போனாலும் மரபணுக் கணக்கில் அது அதே செடிதான்! தேயிலை விதைத் தோட்டங்களில் இரண்டு குளோன்களை அடுத்தடுத்து நடுவதும் இதனால்தான்.

வேலியோரம் விதையில் முளைத்த பழைய செடிகள் சில இருந்தன. விரியவிருந்த 30 மொட்டுகளுக்கு மெல்லிய துணிப்பை கட்டினோம். பத்தைத் தொடவில்லை, பத்துக்கு அதன் மகரந்தமே, மீதிப் பத்தில் மகரந்தப்பைகளை நீக்கிவிட்டு அடுத்த செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவினோம். பை கட்டியதாலேயே காய்க்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது அல்லவா? காய் முற்ற ஏறக்குறைய ஓராண்டு ஆகும், பொறுமை வேண்டும். மறு ஆண்டு மூன்றாம் பத்தில் மட்டும் மூன்று காய்கள். குளோன் வரிசையில் செய்தால் இந்தச் சோதனை பலிக்காது.

செடிக்கு ஏன் இந்தக் கண்டிப்பு? ஒடுங்கிய நிலையில் மறைந்திருக்கும் கேடான மரபணுக்கள் தற்சேர்க்கையில் இரட்டையாகச் சேர்ந்து வெளிப்படும். டார்வின் ஒருவகைக் காலைமலர்க் கொடியைப் பத்துத் தலைமுறை வளர்த்து, முடிவை 1876-இல் நூலாக வெளியிட்டார். அயல்சேர்க்கைச் செடிகளின் உயரம் 100 என்றால் தற்சேர்க்கைச் செடிகளுடையது சராசரி 77. தேயிலையிலும் அரிதாகத் தற்சேர்க்கையில் கிடைக்கும் நாற்றுகள் நோஞ்சானாகவே வளர்கின்றன.

மூன்று காய்களிலும் ஐந்து விதைகள் இருந்தன. தண்ணீரில் போட்டோம், மூழ்கிய நான்கைப் பையில் ஊன்றியிருக்கிறாள், இப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட அந்தப் பெண். 'இருபால் மலரில் நடைபெறுவது ______' என்ற கோடிட்ட இடத்தை நான் இப்போது வினாத்தாளில் வைப்பதில்லை.