டூபேஜ்: சிகாகோவின் நிழல் மட்டுமா?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே இருக்கிறது டூபேஜ் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). பகலில் நகரத்தில் வேலை, இரவில் உறங்க மட்டும் வீடு. புறநகர் என்றால் இவ்வளவுதான் என்பது பலரின் எண்ணம். வரலாறு வேறு சொல்கிறது. சிகாகோ ஒரு சிற்றூராகப் பதிவானது 1833இல். அதற்கு 2 ஆண்டுகள் முன்பே, 1831இல், ஜோசப் நேப்பர் என்பவர் டூபேஜ் ஆற்றங்கரையில் குடியேறிவிட்டார். அந்தக் குடியிருப்பே இன்றைய நேப்பர்வில் நகரம். 1839இல் டூபேஜ் தனிக் கவுன்டியானது.

சிகாகோவிலிருந்து வந்த ரயில்தானே இதை வளர்த்தது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், தண்டவாளத்துக்கு நிலம் கொடுத்து ரயிலை வரவழைத்தவர்கள் வீட்டன் சகோதரர்கள். அவர்கள் பெயரால் எழுந்த வீட்டன் நகரம், 1867இல் நடந்த வாக்கெடுப்பில் கவுன்டியின் தலைமையிடத்தை நேப்பர்வில்லிடமிருந்து பெற்றது. ரயில் வாய்ப்பைத் தந்தது. அதைப் பயன்படுத்தியது உள்ளூர்க்காரர்களின் முடிவு. இன்று பார்க்க வேண்டியவையும் அதற்குச் சான்று. கவுன்டியின் ஓக் புரூக் ஊரில் 1852இல் கட்டிய கிராவ் மாவு ஆலை, தப்பிவந்த அடிமைகளுக்குப் புகலிடமாகவும் இருந்தது. லைல் ஊரில் 1922இல் ஜாய் மார்ட்டன் நிறுவிய மரப்பூங்கா சுமார் 1,700 ஏக்கர். மேற்கு எல்லையில், ஃபெர்மி ஆய்வகம் 1995இல் 'டாப் குவார்க்' துகளைக் கண்டறிந்ததாக அறிவித்தது. அதே வளாகத்தில் காட்டெருமைகளும் மேய்கின்றன. உறங்க மட்டும் வரும் இடத்தில் இத்தனையும் விளையாது.