இருளைக் காட்டிய வெளிச்சம்

2022இல் மின்வெட்டு நீண்ட இரவுகளில் கொட்டாஞ்சேனை மாடிகளிலிருந்தும் நட்சத்திரங்கள் நன்றாகத் தெரிந்தன. அதே ஆண்டு, ஒளியே இல்லாத ஒன்றைக் கண்டறிந்த செய்தியும் வந்தது. எப்படி?

இருண்ட பொருளொன்று தூரத்து நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது, அதன் ஈர்ப்பு பூதக்கண்ணாடி போல் ஒளியைக் குவிக்கும். நட்சத்திரம் சில காலம் பிரகாசித்து மங்கும். 2011இல் சிலியிலும் நியூசிலாந்திலும் இருந்த தொலைகாட்டிகள் இதைப் பதிவு செய்தன. ஒடிசாவைச் சேர்ந்த கைலாஷ் சாஹுவின் குழு ஹபிள் தொலைகாட்டியால் ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து, சூரியனைப்போல் சுமார் 7 மடங்கு நிறையுள்ள, தனித்தலையும் கருந்துளை என்றது.

பெண் விஞ்ஞானி கேசி லாமின் குழுவோ, நியூட்ரோன் நட்சத்திரமாகவும் இருக்கலாமென ஐயுற்றது. மறுபடி அளந்து, 2023இல் கருந்துளையே என ஏற்றது.

சகோதரிகளே, பிள்ளைகள் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். இந்த உண்மை உறுதியானதும் அப்படித்தான்.