'கடைசி தேதி நீட்டிப்பு' ஃபார்வர்டை நம்பினா எவ்வளவு செலவாகும்? ஒரு நிஜக் கணக்கு

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை காலை. ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கிற ஒரு தம்பி போன் பண்ணார். "அண்ணா, இன்னும் எட்டு நாள் டைம் இருக்குல்ல? இந்த வாரம் என் ஐ.டி.ஆர். முடிச்சிடலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி தேதி முடிஞ்சே ஆறு நாள் ஆச்சு. "யாருப்பா சொன்னது?"ன்னு கேட்டேன். உடனே வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்தது. அசோகச் சின்னம், துறையோட பேர், கீழே 'செப்டம்பர் 30 வரை நீட்டிப்பு'. ஆபீஸ் குரூப்ல டீம் லீட் போட்டதாம்.

நடந்தது இதுதான். சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி தேதி ஜூலை 31. அந்த வருஷம் ஃபார்ம்ல நிறைய மாற்றம் வந்ததால, மே 27-ஆம் தேதியே அதை செப்டம்பர் 15-க்குத் தள்ளி வெச்சாங்க. கடைசி நேரத்துல போர்ட்டல் மெதுவா இருக்குன்னு ஊரெல்லாம் புலம்பல், இன்னொரு நீட்டிப்பு வேணும்னு கோரிக்கை. அந்தச் சூட்டுல, 14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இந்த 'செப்டம்பர் 30' செய்தி பரவ ஆரம்பிச்சுது. வருமான வரித்துறை தன்னோட எக்ஸ் பக்கத்துல இது பொய்ச் செய்தின்னு மறுத்துச்சு. ஆனா மறுப்பு எந்த ஆபீஸ் குரூப்லயும் ஃபார்வர்ட் ஆகாது, அதுல யாருக்கும் சந்தோஷம் இல்லை பாருங்க.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, 15-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி துறை நிஜமாவே நீட்டிச்சுது. ஒரே ஒரு நாள், 16 வரைக்கும். உடனே "பார்த்தீங்களா, ஃபார்வர்ட் பாதி உண்மைதான்"னு சிலர் சொன்னாங்க. இல்லைங்க. பொய்ச் செய்தி எப்பவுமே நாம எதை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோமோ அதுக்குப் பக்கத்துலதான் வந்து உட்காரும். ஏற்கனவே ஒரு தடவை நீட்டிச்சிருக்காங்க, இன்னொரு தடவை நீட்டிக்க மாட்டாங்களான்னு எல்லாருக்கும் ஆசை. அந்த ஆசைக்கு ஒரு லெட்டர்ஹெட் போட்டா போதும்.

சரி, கணக்குக்கு வருவோம். தம்பியோட சம்பளம் 14 லட்சம். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஹெச்.ஆர்.ஏ. விலக்கு 2,40,000, 80சி-ல 1,50,000, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 25,000, என்.பி.எஸ். 50,000, நிலையான கழிவு 50,000. எல்லாம் போக வரிக்கு உட்பட்ட வருமானம் 8,85,000. வரி, செஸ் சேர்த்து 93,080 ரூபாய். கம்பெனி அதைச் சரியா டி.டி.எஸ். பிடிச்சிருச்சு. அதாவது அவர் ஒரு பைசா கூடக் கட்ட வேண்டியதில்லை, ஃபைல் பண்ணா மட்டும் போதும்.

ஆனா சம்பள வருமானம் மட்டும் இருக்கிறவங்க பழைய முறையைக் கேட்கணும்னா, கடைசி தேதிக்குள்ள ஃபைல் பண்ணியாகணும். தாமதமா பண்ணா புதிய முறைதான், வேற வழியே கிடையாது. புதிய முறையில அந்த வருஷத்துக்கு அவர் வரி 1,09,200. வித்தியாசம் 16,120. அதுக்கு மேல 234எஃப் பிரிவுல தாமதக் கட்டணம் 5,000 (வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா 1,000). ஆக 21,120 ரூபாய், வட்டி தனி. ஒரு படத்தை நம்பினதுக்கு!

"ஃபார்வர்டை நம்பிட்டேன்னு டிபார்ட்மென்ட்ல சொல்ல முடியாதாண்ணா?"ன்னு கேட்டார். சொல்லலாம், ஆனா 234எஃப் யாரோட மனசையும் பார்த்து வர்ற கட்டணம் இல்லை. தேதி தாண்டினா அதுவா விழும்.

இப்ப, இதை எப்படிக் கண்டுபிடிச்சிருக்கலாம்? நிறைய பேர் படத்தை ஜூம் பண்ணி எழுத்துப்பிழை தேடுவாங்க. அதை விடுங்க. இன்னைக்குப் பிழையே இல்லாம ஒரு அறிவிப்பைத் தயார் பண்ண அஞ்சு நிமிஷம் போதும். படத்தை மூடி வெச்சிட்டு எதிர்ப்பக்கத்துல இருந்து வாங்க. இந்தச் செய்தி உண்மைன்னா, வேற எங்க இருந்தாகணும்? வருமான வரிக் கடைசி தேதின்னா, துறையோட வெப்சைட்லயோ, சாம்பல் நிற டிக் இருக்கிற அதோட எக்ஸ் பக்கத்துலயோ இருந்தாகணும். அந்த நள்ளிரவு நீட்டிப்பு கூட அங்கதான் வந்தது. அங்க இல்லைன்னா பழைய தேதிதான் தேதி. அவ்வளவுதான், இரண்டு நிமிஷ வேலை.

உங்க பேர்லயே வர்ற நோட்டீஸும் அப்படித்தான். 2019 அக்டோபர் 1-லிருந்து துறை அனுப்புற கடிதங்கள்ல டின்னு ஒரு அடையாள எண் இருக்கும். இ-ஃபைலிங் போர்ட்டல்ல அதைப் போட்டு அசலான்னு பார்த்துக்கலாம். லாகின் கூட வேண்டாம்.

ஆனா எல்லாப் பொய்யும் போலிப் படமா வராது. 2019-ல ஒரு கூட்டுறவு வங்கி சிக்கல்ல மாட்டின சமயம், இன்னொரு பெரிய தனியார் வங்கியோட பாஸ்புக் படம் சுத்துச்சு. 'டெபாசிட்டுக்கு 1 லட்சம் வரைதான் இன்ஷூரன்ஸ்'னு அதுல முத்திரை. படம் நிஜம், முத்திரையும் நிஜம். 'இந்த பேங்க் திவாலாகப் போகுது'ங்கற அர்த்தம் மட்டும்தான் பொய். பாஸ்புக்ல அதைப் போடச் சொன்னதே ரிசர்வ் வங்கிதான், 2017-ல. அந்த வரம்பு அப்ப எல்லா வங்கிக்கும் 1 லட்சம், 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம். இந்த மாதிரி செய்தியில படத்தை எவ்வளவு சோதிச்சாலும் ஒண்ணும் கிடைக்காது. இது புதுசா, இந்த வங்கிக்கு மட்டுமான்னு இரண்டு கேள்வி கேட்டாதான் உடையும்.

வீடியோ விஷயம் இன்னும் மோசம். ரிசர்வ் வங்கி உயர் அதிகாரிகள் முதலீட்டுத் திட்டம் சிபாரிசு பண்ற மாதிரி டீப்ஃபேக் வருதுன்னு அவங்களே 2024 நவம்பர்ல எச்சரிச்சாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல தேசியப் பங்குச் சந்தையும் தன் தலைவர் பங்கு டிப்ஸ் குடுக்கிற மாதிரி வந்த போலி வீடியோ பத்திச் சொல்லுச்சு. செபி, ரிசர்வ் வங்கி, எக்ஸ்சேஞ்ச்ல இருக்கிற யாரும் இந்தப் பங்கை வாங்குங்கன்னு சொல்லவே மாட்டாங்க. முகம், குரல் எதையும் நீங்க ஆராய வேண்டியதில்லை. பணத்தையே போட்டுட்டீங்கன்னா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, மணிக்கணக்குல யோசிக்காதீங்க.

டெக்னாலஜியே இல்லாம சாதாரணப் பொய்யும் போதும். சாத்னா பிராட்காஸ்ட்னு ஒரு சின்ன கம்பெனி. அதானி குழுமம் வாங்கப் போகுதுன்னு 2022-ல யூடியூப்ல வீடியோ போட்டாங்க. சின்ன முதலீட்டாளர்கள் ஓடி வந்து வாங்க, ஏற்கனவே கையில வெச்சிருந்தவங்க வித்துட்டு வெளியேறினாங்க. 2023 மார்ச்ல செபி இடைக்கால உத்தரவு போட்டுச்சு. நானும் சேனல் நடத்துறவன்தான், அதனால சொல்றேன்: நான் சொன்னாலும் எக்ஸ்சேஞ்ச் வெப்சைட்ல அந்தக் கம்பெனியோட அறிவிப்பு இருக்கான்னு பாருங்க.

ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். வாட்ஸ்அப்ல இரட்டை அம்புக்குறி இருந்தா, அது குறைஞ்சது அஞ்சு கை மாறி வந்திருக்குன்னு அர்த்தம். அஞ்சு பேர் சரிபார்த்திருப்பாங்கன்னு நினைக்கத் தோணும். அஞ்சு பேருமே அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. குடும்பக் குரூப்ல சித்தப்பா போட்டா அங்கேயே மூக்கை உடைக்காதீங்க, தனியா அசல் லிங்க்கை அனுப்புங்க, அவரே அழிச்சிடுவார். 2023-ல நட்சத்திரக் குறி போட்ட 500 ரூபா நோட்டு கள்ள நோட்டுன்னு எங்கம்மா குரூப்ல போட்டப்ப, நான் எல்லார் முன்னாடியும் திருத்தி, ரிசர்வ் வங்கி அது செல்லும்னு சொன்னதையும் போட்டேன். நோட்டு செல்லுச்சு, அம்மா ஒரு வாரம் பேசலை.

நாமளே தப்பா அனுப்பியிருந்தா? வெறுமனே டெலீட் பண்ணா போதாது. பார்த்தவங்க மனசுல அது அப்படியே இருக்கும். அதே குரூப்ல 'நான் போட்டது தப்பு, சரியான தேதி இது'ன்னு எழுதணும். தம்பிகிட்ட அன்னைக்கே அதைச் செய்யச் சொன்னேன். அவரும் அந்தப் படத்தை மூணு நண்பர்களுக்கு அனுப்பியிருந்தார். ஒருத்தர் ஏற்கனவே ஃபைல் பண்ணிட்டார். இன்னொருத்தர் புதிய முறைதான், 5,000 கட்டணத்தோட முடிஞ்சது. மூணாவது ஆளுக்குப் பங்கு வித்ததுல 1,80,000 ரூபாய் நஷ்டம் இருந்தது. தேதிக்குள்ள ஃபைல் பண்ணியிருந்தா எட்டு வருஷத்துக்கு அதை லாபத்துல கழிச்சிருக்கலாம். அவருக்குத் தம்பியே போன் பண்ணிச் சொல்லிட்டு, அப்புறம் எனக்குப் பண்ணார். "அவன் ஒண்ணும் சொல்லலைண்ணா, சரின்னு வெச்சிட்டான்"னார்.