கிண்ணத்தின் அடியில் ஒரு கடவுள்

ஜெர்மனியின் மியூனிக் நகரத் தொல்கலை அருங்காட்சியகத்தில் ஓர் அகன்ற மதுக்கிண்ணம் இருக்கிறது. அதன் குறுக்களவு 30 செ.மீ.க்குச் சற்று அதிகம். கி.மு. 540–530 வாக்கில் ஏதென்ஸில் எக்சீகியாஸ் என்ற கலைஞர் வனைந்தது. பாதத்தில் அவர் பெயர் இருக்கிறது. உட்புறம் பவளச் சிவப்பு. நடுவே வெள்ளைப் பாய் விரித்த கப்பல். அதில் கையில் கொம்புக்குவளையுடன் ஒய்யாரமாகச் சாய்ந்திருக்கிறார் டயோனைசஸ், கிரேக்கர்களின் மதுக்கடவுள். பாய்மரத்தை ஒட்டித் திராட்சைக்கொடி எழுந்து படர்ந்து ஏழு குலைகளைத் தொங்கவிட்டிருக்கிறது. கப்பலைச் சுற்றி ஏழு டால்பின்கள்.

இந்தக் காட்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை கிரேக்கர்களிடையே பெயர் பெற்றது. கடற்கரையில் தனியாக நின்ற டயோனைசஸை யாரோ ராஜகுமாரன் என்று எண்ணிக் கொள்ளையர்கள் கப்பலில் தூக்கிப் போட்டார்கள். கட்டிய கயிறுகள் தாமாகவே அவிழ்ந்தன. சுக்கான் பிடித்தவன் ஒருவனுக்கு மட்டும் அவர் தெய்வம் என்று புரிந்தது. எச்சரித்தான், யாரும் கேட்கவில்லை. பாய் மேல் திராட்சை படர்ந்தது, கப்பலில் மது ஓடியது, கடவுள் சிங்கமாக உருமாறினார். அலறிக் கடலில் குதித்தவர்கள் டால்பின்களானார்கள். எக்சீகியாஸ் அந்தக் கலவரம் எதையும் வரையவில்லை. எல்லாம் அடங்கியபின் உள்ள அமைதியை மட்டுமே தீட்டினார். பானை ஓவியங்களில் இதற்கு நிகரானது வெகு சிலவே என்பேன்.

ஆனால் புகைப்படத்தில் பார்க்கும்போது இந்தக் கிண்ணத்தின் பாதிதான் நமக்குக் கிடைக்கிறது. இது விருந்தில் புழங்குவதற்கான பாத்திர வகை. மஞ்சத்தில் சாய்ந்தபடி குடிப்பது கிரேக்க ஆண்களின் விருந்து வழக்கம். மதுவைத் தண்ணீர் கலக்காமல் குடிப்பது நாகரிகமற்ற செயல். கிராட்டர் என்ற பெரிய கலவைப் பாத்திரத்தில் தண்ணீர் சேர்த்துத்தான் பரிமாறுவார்கள். கிண்ணம் நிறைந்திருக்கும்போது படம் மதுவுக்கு அடியில் கிடக்கும். குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், கப்பல் மேலெழும்.

வெளிப்புறத்தில் இன்னொரு வேலைப்பாடு உண்டு. பக்கத்துக்கு இரண்டாகப் பெரிய கண்கள். குடிப்பவர் கிண்ணத்தை உயர்த்தியதும் அவர் முகம் மறைந்துவிடும். எதிரே இருப்பவருக்கு அந்தக் கண்களும், காதுகளைப் போன்ற கைப்பிடிகளும், வாய்போல் வட்டமான பாதமும் சேர்ந்து ஒரு முகமூடியாகத் தெரியும். டயோனைசஸ் முகமூடியின் கடவுளும்கூட. தூணில் மாட்டிய அவர் முகமூடிக்கு முன் பெண்கள் மது முகந்து வழிபடும் காட்சி பல ஏதென்ஸ் ஜாடிகளில் இருக்கிறது.

ஏதென்ஸ் பாத்திரங்களின் கறுப்பும் சிவப்பும் எப்படி வந்தன? கறுப்புச் சாயம் என்று தனியாக எதுவும் இல்லை. ஏதென்ஸ் மண்ணில் இரும்பு அதிகம். அந்த மண்ணையே நீரில் கரைத்து, பருமணல் அடியில் படிந்தபின் மேலே நிற்கும் மிக நுண்ணிய குழம்பை எடுத்து, அதனால்தான் உருவங்களை வரைந்தார்கள். வித்தையெல்லாம் சூளையில். முதலில் காற்று தாராளமாகப் புக, சுமார் 800 டிகிரி வரை சுட்டால் பானை முழுவதும் சிவக்கும். பிறகு காற்றுவழியை அடைத்துப் பச்சை விறகைத் திணித்து, 900 டிகிரிக்கு மேல் ஏற்றுவார்கள். பிராணவாயு இல்லாத புகையில் இரும்பு ஆக்சைடு நிறம் மாறி எல்லாமே கறுக்கும். அந்தச் சூட்டில் நுண்குழம்பு பூசிய இடங்கள் மட்டும் உருகிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். கடைசியில் சூளையைச் சற்று ஆறவிட்டு மறுபடி காற்றைத் திறப்பார்கள். துளைகள் நிறைந்த வெற்று மண் காற்றை உள்வாங்கித் திரும்பச் சிவக்கும். இறுகிய பூச்சுக்குள் காற்று நுழைய முடியாது, அது கறுப்பாகவே நிற்கும். வெப்பமானி இல்லாத காலத்தில், நெருப்பின் நிறத்தைக் கண்ணால் அளந்து இதைச் செய்த குயவர்களை எத்தனை போற்றினாலும் தகும்.

ஆரம்ப காலத்தில் கறுப்பு உருவங்களின் மேல் கூரிய ஊசியால் கீறித் தலைமுடி, மடிப்பு முதலியவற்றைக் காட்டினார்கள். கி.மு. 525 வாக்கில் முறை தலைகீழானது: பின்னணிக்குக் கறுப்பு பூசி, உருவங்களை மண்ணின் சிவப்பிலேயே விட்டு, உள்கோடுகளைத் தூரிகையால் இழுத்தார்கள். உடலின் திருப்பங்களும் துணியின் நெளிவும் அதன் பிறகே முழுமையாகக் கைவந்தன.

கூட்டத்தில் டயோனைசஸை அடையாளம் காண்பது எளிது. தலையில் ஐவி இலை மாலை, நீண்ட தாடி, கணுக்கால் வரை ஆடை, கையில் உயர்ந்த கைப்பிடிகள் கொண்ட காந்தாரோஸ் குவளை. சுற்றிலும் குதிரைவாலும் குதிரைக்காதும் கொண்ட சாட்டிர்கள் கூத்தடிப்பார்கள்; மேனாடு எனப்படும் பெண்கள் சிறுத்தைத் தோல் போர்த்தி ஆவேசமாக ஆடுவார்கள். பழைய ஜாடிகளில் பெரும்பாலும் அவர் மட்டும் அசையாமல் நிற்பார். மது தரும் வெறி எல்லாம் அடியார்களுக்கு, அவரிடம் நிதானம்.

புளோரன்ஸில் உள்ள பிரான்சுவா ஜாடி இன்னும் பழையது, கி.மு. 570 வாக்கைச் சேர்ந்தது. எர்கோட்டிமோஸ் வனைய, கிளெய்ட்டியாஸ் தீட்டினார். 1900-இல் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் கோபத்தில் உடைத்து, 638 துண்டுகளான பிறகும் மீண்டும் ஒட்டப்பட்டு நிற்கிறது. அதில் ஒரு திருமண ஊர்வலம். தெய்வங்களில் பெரும்பாலோர் பக்கவாட்டு முகத்துடன் நடக்க, தோளில் கனத்த மதுஜாடியுடன் வரும் டயோனைசஸ் முகத்தை முழுவதும் நம் பக்கம் திருப்பி நேரே பார்க்கிறார். அந்தப் பார்வை ஜாடியிலிருந்து மது முகக்க வந்தவர் மேல் விழுந்திருக்கும்.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாடி மறைந்து, மென்மையான இளைஞராக அவர் மாறத் தொடங்கினார். நேப்பிள்ஸில் உள்ள, கி.மு. 400 வாக்கில் செய்த புரோனோமோஸ் ஜாடியில் அந்த இளைஞர் மனைவி அரியாட்னேயுடன் மஞ்சத்தில் அமர்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி ஒரு நாடகக் குழு: குழல் கலைஞர் புரோனோமோஸ், முகமூடிகளைக் கையில் ஏந்திய நடிகர்கள், சாட்டிர் வேடமிட்ட கோரஸ் இளைஞர்கள். அவர்களில் ஒருவன் மட்டும் முகமூடியை மாட்டிக்கொண்டு அதற்குள் ஆடத் தொடங்கிவிட்டான்.