கரடுமுரடான கல், கண்ணாடி போல மின்னுவது எப்படி?

பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்

திருவண்ணாமலை கல்லின் ஊர். ஊருக்கு நடுநாயகமாக மலை நிற்கிறது. அதன் உயரம் 2,600 அடிக்கு மேல். மலையடியில் கோவில். கோவிலின் ராஜகோபுரம் 217 அடி உயரம். 11 நிலைகள் கொண்டது. அதன் அடித்தளம் கருங்கல். பவுர்ணமி தோறும் மக்கள் கூட்டம் கூட்டமாக மலையைச் சுற்றி வருகிறார்கள். சுற்றுப்பாதை 14 கிலோமீட்டர் நீளம்.

எந்த ஊருக்குப் போய் வந்தாலும் சிறுவர்களின் சட்டைப் பையில் இரண்டு கூழாங்கல் இருக்கும். ஆற்றிலோ குளத்திலோ எடுத்தபோது அது பளபள என்று மின்னியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் மங்கிப் போயிருக்கும். சிறுவன் ஏமாந்து போவான். அம்மா அதை முற்றத்தில் வீசி எறிவார்.

அந்தக் கல்லை எறிய வேண்டாம். அது மறுபடியும் மின்னும். நிரந்தரமாக மின்னும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. உலகம் முழுவதும் பலர் இதை ஒரு பொழுதுபோக்காகவே செய்து வருகிறார்கள்.

நனைந்தால் மின்னுவது ஏன்?

கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான கீறல்கள் இருக்கின்றன. அதன்மேல் விழும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது. அதனால் கல் மங்கலாகத் தெரிகிறது. தண்ணீர் பட்டால் கீறல்களைத் தண்ணீர் நிரப்புகிறது. மேற்பரப்பு சமமாகிறது. நிறம் பளிச்சிடுகிறது. தண்ணீர் காய்ந்ததும் பழைய கதைதான்.

ஆகவே, செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். கீறல்களைத் தேய்த்துத் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும். கடைசியில் கீறலே இல்லை என்னும்படி ஆக்க வேண்டும். "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பது பழமொழி. அந்தப் பழமொழிதான் இந்தக் கலையின் அடிப்படை.

ஆறும் இதைத்தான் செய்கிறது. மலையில் உடைந்த கல், வெள்ளத்தில் உருண்டு வருகிறது. ஒன்றோடு ஒன்று மோதுகிறது. மணலில் உரசுகிறது. கூர்மை போய் உருண்டையாகிறது. ஆனால் ஆற்றில் நயமான மெருகுப் பொடி இல்லை. அதனால் கூழாங்கல் வழுவழுப்பாகும், கண்ணாடி ஆகாது.

கொடுமணல் கண்ட மணிகள்

கல்லை மெருகேற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. 1985-ம் ஆண்டு முதல் அங்கே அகழாய்வு நடந்தது. 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு கல்மணித் தொழில் கொடிகட்டிப் பறந்தது தெரிய வந்தது. வெட்டாத கல், பாதி செதுக்கிய கல், துளை போடாத மணி, மெருகேறிய மணி என்று எல்லா நிலையிலும் கற்கள் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

கல்லைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொடி வேண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் பயன்பட்ட பொடி குருந்தம். குருந்தப் பொடியை அரக்குடன் கலந்து சாணைச் சக்கரம் செய்வார்கள். ஆங்கிலத்தில் இந்தக் கல்லுக்குக் 'கொரண்டம்' என்று பெயர். அந்தப் பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான்!

1891-ல் எட்வர்டு அச்சிசன் என்ற அமெரிக்கர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் காய்ச்சினார். மிகக் கடினமான ஒரு புதுப் பொருள் கிடைத்தது. அதற்குக் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரின் வாலிலும் நம் குருந்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று கல் உருட்டுகிறவர்கள் பயன்படுத்தும் முக்கியமான பொடி இதுதான்.

தோல் பைக்குள் கல்

குஜராத்தில் காம்பே என்ற துறைமுக நகரம் உண்டு. இன்று அதன் பெயர் கம்பாத். அகேட் என்னும் மணிக்கல் வேலைக்கு அது பேர் போன ஊர். அந்தக் காலத்தில் அங்கே இயந்திரம் கிடையாது. மணிகளையும் குருந்தப் பொடியையும் தண்ணீரையும் ஒரு தோல் பைக்குள் போட்டுக் கட்டுவார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்து, அந்தப் பையைக் காலால் அங்கும் இங்கும் உருட்டுவார்கள். இரண்டு வாரம் போல இப்படி உருட்டிய பிறகு பையைத் திறப்பார்கள். மணிகள் மின்னும்!

இன்று அந்தத் தோல் பையின் வேலையை ஒரு ரப்பர் பீப்பாய் செய்கிறது. காலின் வேலையை ஒரு சிறிய மோட்டார் செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்தக் கல் நல்லது?

கல்லின் கடினத்தை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. பிரடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ல் அதை வகுத்தார். 1 முதல் 10 வரை எண்கள். மிக மென்மையான டால்க் 1. நம் விரல் நகம் இரண்டரை. கத்தி முனை ஐந்தரை. வெங்கச்சங்கல் 7. குருந்தம் 9. வைரம் 10.

கல்லின் மேல் கத்தியால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் அது மென்மையான கல். கீறல் விழாமல், கத்தியின் இரும்புதான் கல்லில் ஒட்டுகிறது என்றால் கடினமான கல். அதுவே உருட்டுவதற்கு ஏற்றது. வெங்கச்சங்கல்லும் அகேட்டும் முதல் தரம்.

கடினக் கல்லையும் மென்மையான கல்லையும் ஒரே பீப்பாயில் போடக் கூடாது. வலியது எளியதைத் தின்றுவிடும்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "நம் ஊர்க் கருங்கல்லை உருட்டினால் என்ன?" என்று கேட்பார்கள். கருங்கல் ஒரே பொருள் அல்ல. பல தாதுக்களின் கூட்டு. அதில் சில 7 அளவு கடினம். சில 6. அபிரகம் கலந்திருந்தால் அது 3-ஐக் கூடத் தொடாது. உருட்டும்போது அபிரகம் உதிர்ந்து குழி விழும். ஆகவே முதல் முயற்சிக்குக் கரடுமுரடான கருங்கல் வேண்டாம். வெங்கச்சங்கல்லில் தொடங்குங்கள்.

கல் எங்கே கிடைக்கும்? வீடு கட்டும் இடத்தில் ஆற்று மணல் சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சல்லடையில் தங்கும் கூழாங்கற்கள் குப்பைக்குத்தான் போகும். உரியவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். 'எம்-சாண்ட்' என்றால் அதில் கூழாங்கல் இருக்காது. தோட்டச் சாமான் விற்கும் கடைகளிலும் கூழாங்கல் உண்டு.

எடுத்த கல்லை நனைத்துப் பாருங்கள். நனைந்தபோது எந்த நிறம் தெரிகிறதோ, ஏறக்குறைய அதே நிறம்தான் மெருகு ஏறிய பிறகும் தெரியும். விரிசல் உள்ள கல்லை ஒதுக்கிவிடுங்கள். அது நடுவழியில் உடைந்து மற்றக் கற்களையும் கீறும்.

4 கட்டம்

பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமாகக் கல் போட வேண்டும். பட்டாணி அளவு முதல் எலுமிச்சம்பழ அளவுக்குள் பல அளவுகள் கலந்திருப்பது நல்லது. பெரிய கற்களின் இடுக்கில் சிறிய கற்கள் புகுந்து தேய்க்கும். ஒரு கிலோ கல்லுக்கு 4 மேஜைக்கரண்டி பொடி. மேல்வரிசைக் கற்கள் லேசாகத் தெரியும் அளவுக்குத் தண்ணீர். மூடியை இறுக்கி ஓட விட வேண்டியதுதான்.

முதல் வாரம்: கரடான கார்போரண்டம் பொடி. இதன் எண் 80 என்ற அளவில் இருக்கும். இந்த வாரத்தில்தான் கல் வடிவம் பெறுகிறது. கூர்மை போகவில்லை என்றால் இன்னொரு வாரம் ஓட்டுங்கள். இங்கே அவசரப்பட்டால் பின்னால் சரி செய்ய முடியாது.

இரண்டாம் வாரம்: 220 எண் பொடி. கல் வழுவழுப்பாகும்.

மூன்றாம் வாரம்: 500 எண் பொடி. கையில் எடுத்தால் பட்டுப் போல இருக்கும். ஆனால் காய்ந்தால் இன்னும் மங்கல்தான்.

நான்காம் வாரம்: அலுமினியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி. இப்போதுதான் கண்ணாடி தெரியும்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கல்லையும் பீப்பாயையும் மூடியையும் பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு கழுவுங்கள். இரண்டு தடவை கழுவுங்கள். பழைய கரட்டுப் பொடி ஒரே ஒரு துளி தங்கினாலும் போதும். கடைசி வாரத்து மெருகு முழுவதும் பாழ்!

கல் தேயத் தேயப் பீப்பாயில் இடம் காலியாகும். காலி இடம் கூடினால் கற்கள் விழுந்து அடிபட்டுச் சில்லுச் சில்லாகும். சிறு கூழாங்கற்களையோ பிளாஸ்டிக் மணிகளையோ போட்டு நிரப்புங்கள். காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய சலசலப்பு கேட்டால் எல்லாம் சரி. 'தடால் தடால்' என்றால் ஏதோ தவறு.

சில கற்களிலிருந்து வாயு உண்டாகிப் பீப்பாய் உப்பலாம். முதல் சில நாட்களில் தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து மூடுங்கள். இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லை நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். காய்ந்த பிறகும் நனைந்தது போல மின்னினால் வெற்றி.

சாக்கடையில் ஊற்றாதீர்கள்

கழுவிய தண்ணீரில் கல் மாவும் பொடியும் கலந்திருக்கும். அதைத் தொட்டியிலோ குழாயிலோ ஊற்றினால், உள்ளே படிந்து சிமெண்டு போல இறுகிவிடும். ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். வண்டல் அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மண்ணில் ஊற்றுங்கள். வண்டலை ஈரத்தோடு குழியில் போட்டு மூடுங்கள். அதைக் காயவிட்டுத் தூசியாகப் பறக்க விடக் கூடாது.

ஏன் இந்த எச்சரிக்கை? இங்கேதான் இந்தப் பொழுதுபோக்கின் ஆபத்து இருக்கிறது.

தூசி என்னும் எமன்

வெங்கச்சங்கல், அகேட், கருங்கல் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. உலர்ந்த கல்லை அரைத்தால் மிக நுண்ணிய சிலிக்காத் தூசி கிளம்பும். மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கும். நுரையீரல் நாளடைவில் இறுகிப் போகும். இந்த நோய்க்கு 'சிலிக்கோசிஸ்' என்று பெயர். வந்த பிறகு இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோயும் இவர்களை எளிதில் பிடித்துக்கொள்கிறது.

கம்பாத்தில் அழகான மணிகளைச் செய்த தொழிலாளர்கள் பலர் இந்த நோய்க்கு ஆளானார்கள். அது வீட்டுக்குள்ளேயே நடக்கும் தொழில். அரைப்பவரோடு மனைவியும் குழந்தைகளும் அதே தூசியைச் சுவாசித்தார்கள். கல் குவாரிகளிலும் சிற்பக் கூடங்களிலும் கல் அறுக்கும் பட்டறைகளிலும் வேலை செய்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

பீப்பாயில் உருட்டும்போது கல் தண்ணீருக்குள் இருக்கிறது. தூசி கிளம்ப வழியில்லை. ஆகவே விதி ஒன்றே ஒன்று: ஈரம் இல்லாமல் கல்லைத் தேய்க்காதீர்கள். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பது தவறு. நுண்ணிய தூசி துணிக்குள் நுழைந்துவிடும். நார் நாராகப் பிரியும் கல்லைத் தொடவே வேண்டாம். அது கல்நாராக இருக்கலாம்.

இயந்திரம் இல்லாதவர்களுக்கு

மோட்டார் வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம். தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாள் பெயிண்டு கடைகளில் கிடைக்கும். 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். 80, 220, 400, 800, 1500 எண்களில் ஒவ்வொரு தாள் போதும்.

கைவேலைக்குக் கத்தி கீறும் மென்மையான கல் நல்லது. சலவைக்கல் துண்டு 3 அளவு கடினம்தான். அதை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, கரட்டுத் தாளில் தொடங்கி நயத் தாள் வரை வரிசையாகத் தேய்க்க வேண்டும். ஒரு தாளின் கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்த தாளுக்குப் போக வேண்டும். ஒரு விடுமுறை நாளில் ஒரு சிறிய கல்லை முடித்துவிடலாம். வெங்கச்சங்கல்லைக் கையால் தேய்க்கப் போனால் கைதான் வலிக்கும்.

மலைக் கல்லை எடுக்கலாமா?

கூடாது. திருவண்ணாமலை மலை காப்புக்காடு. காப்புக்காட்டில் கல் எடுப்பது சட்டப்படி குற்றம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. மெருகேற்றினால் அவை அழகாக மின்னும்தான். ஆனால் அது அரசு காக்கும் தேசியக் கல்மரப் பூங்கா. அங்கிருந்து ஒரு சில்லைக் கூட எடுக்கக் கூடாது. ஒருவர் ஒரு கல் எடுத்தால் குறையாது என்று தோன்றும். வருகிற அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு கல் எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும்?

சல்லடையில் மிஞ்சிய கூழாங்கல் போதும். அதற்கு விலை இல்லை. ஒரு மாதம் பொறுமையாக இருந்தால், அது வீட்டு அலமாரியில் பல தலைமுறைக்கு மின்னிக்கொண்டிருக்கும்.