பழைய மென்பொருள் பொதிகளை ஏன் காக்க வேண்டும்?

டெபியன் லினக்ஸில் ஒரு பொதியின் புதிய பதிப்பு வந்ததும் பழையது முதன்மைச் சேவையகத்திலிருந்து நீங்குகிறது. ஆனால் அதன் தேவை தீர்வதில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இல் பழைய 32-பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கான நிறுவி இல்லை. இரத்தினபுரி அல்லது கேகாலையிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் அத்தகைய கணினி எஞ்சியிருந்தால், டெபியனில் அதற்கு முந்தைய வெளியீடுகளே துணை. புதிய பதிப்பில் நுழைந்த பிழையைக் கண்டறியவும் பழையது வேண்டும்.

எப்படிக் காக்கிறார்கள்? டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகம் 2005 முதலான பொதிகளைத் திகதிவாரியாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹாஷ் குறியீடு கணிக்கப்படுகிறது. குறியீடு மாறாத கோப்பு ஒருமுறை மட்டுமே சேமிக்கப்படுவதால் இடம் மிச்சமாகிறது.

ஆதரவுக் காலம் முடிந்த பொதிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. அவற்றை இணையத் தொடர்பில்லாத கணினியில் பயன்படுத்துவதே நல்லது.