இரு வீட்டு நடுவர்கள்

இஸ்லாமிய மணவிலக்கு என்றவுடன் ‘தலாக்’ என்ற ஒரு சொல்லையே நினைத்துக்கொள்ளும் நண்பர்கள் நம் வகுப்பறைகளில் பலர் உண்டு. அதற்கு முன்னே நிற்கவேண்டிய ஒரு படியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சட்டம் பயிலாத நான் அதைப்பற்றி எழுதத் துணிந்தது அதனால்தான்.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் ‘அந்நிஸா’. பெண்கள் என்று பொருள். கணவன் மனைவியரிடையே பிளவு நேருமென்று அஞ்சினால், அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவர்களாக அமர்த்துமாறு அதன் 35ஆம் வசனம் கூறுகிறது. ‘ஜமாஅத்தில் வைத்துப் பேசுவது’ என்று நம் ஊர்களில் சொல்கிறோமே, அதற்கு இவ்வசனத்தையே ஆதாரமாகக் காட்டுவர். நடுவர்கள் தாமே பிரித்துவைக்கவும் செய்யலாம் என்பது மாலிகி மரபினர் கருத்து. தம்பதியர் அதிகாரம் தந்தாலன்றி அது கூடாது என்பர் ஹனஃபி மரபினர்.

நம் நீதிமன்றங்களும் இப்படியை ஏற்றிருக்கின்றன. தலாக்குக்குத் தக்க காரணம் வேண்டும், அதற்குமுன் இருதரப்பு நடுவர்களின் சமரச முயற்சி நடந்து தோற்றிருக்கவும் வேண்டும் என்று ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் கூறியது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2017இல் செல்லாததாயிற்று. 2019இல் குற்றமாகவும் ஆயிற்று.

ஏட்டில் இவ்வளவு அழகாக இருப்பது எங்கே பழுதாகிறது? என் பெரியம்மா மகள், நான் ராத்தா என்றழைப்பவர், அவருடைய விவகாரத்தில் அதைக் கண்டேன். அவருக்கு வாப்பா இல்லை. பள்ளிவாசல் அலுவலகத்தில் ஆண்கள் மட்டுமே கூடினர். பெண் தரப்பில் சாச்சா போனார். ராத்தாவின் நகைகள் அனைத்தும் அடகுக் கடையில் இருப்பதோ, கேட்டபோதெல்லாம் அடி விழுந்ததோ சாச்சாவுக்குத் தெரியாது; யாரும் ராத்தாவிடம் கேட்கவுமில்லை. “பிள்ளை போய் வாழும்” என்று கையெழுத்திட்டு வந்துவிட்டார். இரண்டே மாதத்தில் ராத்தா திரும்பி வந்தார். அவள் வீட்டிலிருந்து ஒருவர் என்று வசனம் சொல்வது, அவள் மனத்தை அறிந்த ஒருவர் என்ற பொருளில்தான் என்பது என் எண்ணம். நாற்காலியை நிரப்ப ஓர் உறவினர் போதாது.

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் தொடங்கியதும் இக்குறையைக் கண்டுதான். அங்கே பெண்ணே தன் வழக்கைச் சொல்கிறாள். அப்போது அதை எதிர்த்தவர்கள், பெண் பேச வேறு இடம் எது என்று சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் முறை ராத்தா நான்கு பக்கம் எழுதினார். எங்கள் மாமா அதை அவரிடமே வரிவரியாகக் கேட்டறிந்துகொண்டு போனார். அடுத்த அறையில் தாமும் அமர்ந்திருக்கவேண்டும் என்றார் ராத்தா. முத்தவல்லி முதலில் தயங்கினார், பிறகு இசைந்தார். மாப்பிள்ளை தரப்பிலும் விவரமறிந்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார். மூன்று அமர்வுகள் நடந்தன. சேர்ந்து வாழ்வது இயலாதென்று தெளிந்தபின் பேச்சு எளிதாயிற்று. மஹரை விட்டுக்கொடுத்துக் குலா கேட்டார் ராத்தா. நகைகளை மூன்று தவணையில் மீட்டுத்தர ஒப்புக்கொண்டார்கள்.

அதோடு முடிந்ததென்று நினைத்தோம். வழக்கறிஞர் ஒருவர்தான் தடுத்தார். தனியார் அமைப்பு தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்கே போகவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறிவிட்டது. ஷரீஅத் மன்றங்களுக்குச் சட்ட அதிகாரம் கிடையாதென்று உச்ச நீதிமன்றம் 2014லேயே சொல்லியிருந்தது. ஜமாஅத் பேசி இணக்கலாம், தீர்ப்பளிக்க இயலாது. ஆகவே உடன்படிக்கைத் தாளோடு ராத்தா குடும்ப நீதிமன்றம் போனார். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கும் முதலில் சமரசம்தான் பேசுகிறார்கள். அந்த அறையில் ராத்தாவிடமே நேராகக் கேட்டார்கள். அவரே பதில் சொன்னார்.